காயலான் கடைக் கடைசல்

பழைய மர லேத் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், வாங்க நினைப்பவர் இரும்பு லேத் ஓட்டித் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். இரும்பு லேத் பட்டறை தெருவுக்கு ஒன்று இருக்கும். மரக் கடைசல் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துணைக்குப் போனவர் முதல் வேலையாக எந்திரத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் மேல் விரலை ஓட்டுவார். மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டிலும் உள்ள கூர்முனைகளான சென்டர்களை முட்டவைப்பார். மயிரிழை விலகியிருந்தாலும் உதட்டைப் பிதுக்குவார். "பெட்டு போயிருச்சு, எடைக்குத்தான் போடணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். இரும்பு லேத்துக்கு அது நியாயமான தீர்ப்பு. மர லேத்துக்கு முக்கால்வாசி தப்பு. அந்தத் தப்பால் நல்ல எந்திரங்கள் காயலான் கடைக்குப் போய் உடைபடுகின்றன. வாங்க வந்தவர் அதே பணத்துக்கு இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய தகர எந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பழைய மர லேத்தைப் பழைய இரும்பு லேத்தைப் பார்க்கும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம். பிரிந்தது உளியை யார் பிடிப்பது என்ற இடத்தில். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் டூலைப் பிடித்து நகர்த்தும் ஸ்லைடு ரெஸ்ட்டோடு கூடிய திருகு வெட்டும் லேத்தைச் செய்தார். ஸ்லைடு ரெஸ்ட்டை முதலில் நினைத்தவர் அவரல்ல. அதைப் பட்டறையில் நிலைக்கவைத்தவர்களில் அவர் முதன்மையானவர். அன்றிலிருந்து இரும்பு வெட்டும் டூல் மனிதனின் கையிலிருந்து எந்திரத்தின் பிடிக்குப் போனது. டூலைப் பிடித்திருக்கும் சேடில் பெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆகவே பெட் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வேலை இருக்கும். ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய ஒரு சாண் தூரம்தான் அதிகம் ஓடுகிறது, அங்கேதான் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் சேடில் இறங்கிச் சாய்கிறது, டூல் வேலையைவிட்டு விலகுகிறது, கடைகிற தண்டு அந்த இடத்தில் தடித்துப்போகிறது. ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பெட்டின் பள்ளம் தண்டில் மேடாக வந்து நிற்கும். இரும்பு லேத்காரர் பெட்டைத் தடவிப் பார்ப்பது இதனால்தான்.

மர லேத்தில் சேடில் கிடையாது. உளி கையில் இருக்கிறது. உளிக்கும் பெட்டுக்கும் நடுவே இருப்பது உளி சாய்ந்துகொள்ளும் டூல் ரெஸ்ட் மட்டும். அதையும் ஒரு இடத்தில் வைத்து இறுக்கிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போகும்போது மீண்டும் தளர்த்தி, நகர்த்தி, உயரம் பார்த்து இறுக்குகிறோம். பெட்டில் கால் மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் டூல் ரெஸ்ட் கால் மில்லிமீட்டர் கீழே உட்காரும். அதைக் கை உணர்வதுகூட இல்லை, ஒவ்வொரு வெட்டிலும் மணிக்கட்டு அதைவிடப் பல மடங்கு தூரம் ஏறி இறங்குகிறது. சென்டர் விலகல் கதையும் இதுதான். இரண்டு சென்டர்களுக்கு நடுவே மாட்டிய மரம், அந்த இரண்டு முனைகளையும் சேர்க்கும் கோட்டைச் சுற்றித்தான் சுழலும். அந்தக் கோடு பெட்டுக்கு இணையாக இல்லாவிட்டாலும் சுழற்சி வட்டம்தான். இரும்பு லேத்தில் அந்த விலகல் தண்டை ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுக்க வைக்கும், ஏனென்றால் டூல் பெட்டைப் பார்த்துப் போகிறது. மரக் கடைசலில் உளி மரத்தைப் பார்த்துப் போகிறது. இரண்டு நுனியிலும் காலிப்பரை வைத்துப் பார்த்துக் கை தன்னைத் திருத்திக்கொள்கிறது. விலகல் உண்மையிலேயே உறுத்துவது இரண்டு இடங்களில்: சக்கில் கவ்விய மரத்துக்கு மறுமுனையில் டெயில்ஸ்டாக்கை முட்டுக்கொடுக்கும்போதும், டெயில்ஸ்டாக்கில் டிரில்லை மாட்டித் துளை போடும்போதும். அதற்கு ஹெட்ஸ்டாக்கின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெட்ஸ்டாக்கும் பெட்டும் ஒரே வார்ப்பாக வந்த எந்திரத்தில் இந்த வைத்தியம் செல்லாது.

கடைதல் என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும். மோரைக் கடைவதும் கடைவதுதான், மரத்தைக் கடைவதும் கடைவதுதான். மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பதுபோல, பழைய கடைசலிலும் மரத்தில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். மரம் முன்னும் பின்னும் மாறிச் சுழலும். முன்னால் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். இரண்டு மரக்கட்டைகளும் இரண்டு ஆணிமுனைகளும் ஒரு கயிறும்தான் அந்த எந்திரம். தொட்டில் கால், கட்டில் கால், பம்பரம், சொப்புச் சாமான் எல்லாம் அதில் வந்தவை. அளவில் குறை சொல்ல முடியாத வேலைகள். எந்திரத்தில் துல்லியம் இல்லாமலே வேலையில் துல்லியம் வரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆங்கில மரக்கலைஞர் டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில், முடிவை எந்திரமே உறுதிசெய்துவிடும் வேலை என்றும், ஒவ்வொரு நொடியும் கெட்டுப்போகும் வாய்ப்போடு கை நடத்தும் வேலை என்றும் தொழிலை இரண்டாகப் பிரித்தார். மரக் கடைசல் இரண்டாவது வகை. இன்னொன்றும் உண்டு: மரமே நிலையாக நிற்பதில்லை. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே காற்றின் ஈரம் மாறும்போது, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையே அரை மில்லிமீட்டருக்கு மேல் ஊறிச் சுருங்கும். கடைந்து முடித்த கிண்ணம் ஒரு வருஷத்தில் தானே லேசாக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதைக் கடைந்த எந்திரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குத் துல்லியம் தேடுவது, ஆற்றுத் தண்ணீரை டம்ளரில் அளப்பது போல.

அப்படியானால் எந்திரம் தரவேண்டியது என்ன? அசையாத உடம்பு, ஆட்டமில்லாத சுழற்சி. உடம்பைப் பற்றிச் சொல்ல ஒரு கணக்கே போதும். சீவாத மரக்கட்டை எதுவும் எடையில் ஒத்திருக்காது. ஒரு பக்கம் வைரம், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் முடிச்சு. சென்டரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வெறும் 200 கிராம் கூடுதல் எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 1000 சுற்றில் அந்த 200 கிராம் எந்திரத்தை ஏறத்தாழ 33 கிலோ விசையோடு வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்குப் பதினாறு பதினேழு முறை திசை மாறி மாறி. வேகத்தை 2000 ஆக்கினால் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்; 130 கிலோவைத் தாண்டிவிடும். தகரத் தாங்கியில் நிற்கும் லேசான லேத் இந்த இழுப்புக்கு நடனமாடும். எந்திரம் ஆடினால் மரம் ஆடும், மரம் ஆடினால் உளி தத்தும், பரப்பில் வரிவரியாகத் தழும்பு விழும். அதன்பிறகு உப்புத்தாள்தான் கதி. வார்ப்பிரும்பு இரண்டு வகையில் உதவுகிறது. கனம் ஒன்று. அதிர்வை உள்ளேயே விழுங்கிக்கொள்ளும் குணம் இன்னொன்று; வார்ப்பிரும்புக்குள் விரவிக் கிடக்கும் கிராஃபைட் செதில்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உருக்குத் தகட்டைத் தட்டினால் மணிபோல நீளமாக ஒலிக்கும். தடித்த வார்ப்பில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இந்தக் குணம் ஐம்பது வருஷத்தில் தேய்வதில்லை, எழுபது வருஷத்திலும் தேய்வதில்லை.

பிரிட்டனில் ஹாரிசன் கம்பெனி செய்த கிராஜுவேட் என்ற மர லேத்தை இதற்கு உதாரணமாகப் பார்க்கலாம். யார்க்‌ஷயரின் ஹெக்மண்ட்வைக்கில் இருந்த அந்தக் கம்பெனிக்கு முதல் தொழில் இரும்பு லேத். பள்ளிக்கூடங்களின் மரவேலை வகுப்புகளுக்கு அந்த மர லேத் ஏராளமாகப் போனது. பிறகு அந்த வகுப்புகள் மூடப்பட, எந்திரங்கள் வெளியே வந்து கடைசல்காரர்களின் பட்டறைகளில் குடியேறின. முன்னால் நின்று பார்த்தால் அதை எந்திரம் என்பதைவிடக் கல்தூண் என்றே சொல்லத் தோன்றும். தரையிலிருந்து இடுப்புவரை ஒரே வார்ப்புப் பீடம், மோட்டார் அதன் வயிற்றுக்குள், ஹெட்ஸ்டாக் மேலே. வேகம் நான்கே நான்கு: 425இல் தொடங்கி 2250 வரை, பெல்ட்டைக் கையால் படி மாற்றிப் போட வேண்டும். சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில் ஒன்றரை அங்குலப் புரி, அங்குலத்துக்கு ஆறு பல். பெட்டுக்கு மேலே அடங்காத அகலமான தட்டைக் கடைய, பின்பக்க நுனியிலும் அதே அளவுப் புரி உண்டு, ஆனால் இடப்புரி. பின்பக்கம் நின்று பார்ப்பவருக்குச் சுழற்சி தலைகீழாகத் தெரியும் அல்லவா? வலப்புரியாக இருந்தால் உளி தொட்டதும் தட்டு கழன்று ஓடிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெட்டின் மேல் சுத்தியலை வைத்து அடித்திருப்பார்கள், பெயரைச் செதுக்கியிருப்பார்கள், டெயில்ஸ்டாக்கை எறிந்திருப்பார்கள். இரும்பு லேத்துக்கு அப்படி நடந்திருந்தால் சாவு. இதற்குச் சிராய்ப்பு.

தேய்மானம் எங்குமே பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பெட்டைவிட்டுக் கையை எடுத்து ஸ்பிண்டிலைப் பிடிக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுழற்றினால் நல்ல பேரிங் ஓசையில்லாமல் ஓடி நிற்கும். கெட்டுப்போன பேரிங்கில் மணல் நெருடுவதுபோல ஒரு நெருடல் விரல் நுனிக்குத் தெரியும். ஸ்பிண்டிலுக்கு அடியில் ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பேரிங் போயிருந்தாலும் அது எந்திரத்தின் சாவு அல்ல. பால் பேரிங் என்றால் அதன் மேல் எண் பொறித்திருக்கும். 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் அளவு. மோட்டார் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். அதைவிடப் பழைய எந்திரத்தில் வெண்கலப் புஷ்ஷும் எண்ணெய்க் கிண்ணமும் இருக்கும். இறுக்கிச் சரிசெய்ய வழி வைத்திருப்பார்கள், அதுவும் தீர்ந்தால் புதிதாகக் கடைந்து போடலாம். உண்மையாகவே விலகி ஓட வேண்டிய குறை ஒன்று உண்டு: வார்ப்பில் வெடிப்பு. பெயின்ட் அதை மறைக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ஒரு குரலும் வெடித்த இடத்தில் உடைந்த பானையின் குரலும் கேட்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவ வேண்டும். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெதுவாக ஊறிவந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டுக் காட்டும். ஹெட்ஸ்டாக்கின் பேரிங் வீட்டில் அந்தக் கோடு தெரிந்தால், விலை என்னவாக இருந்தாலும் அது காயலான் கடைக்குரியதுதான்.

முதல் மறுப்பு உதிரிப்பாகம் பற்றி வரும். கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று, சாமானுக்கு எங்கே போவது என்பார்கள். மர லேத்தில் கியர் பாக்ஸ் இல்லை, லீட் ஸ்க்ரூ இல்லை, ஏப்ரன் இல்லை. வெளியிலிருந்து வந்து மாட்ட வேண்டியவை இரண்டே இடங்களில் மாட்டும்: மூக்குப் புரியிலும் உள்குழிவிலும். உள்குழிவு பெரும்பாலும் மோர்ஸ் டேப்பர்; 1860களில் அமெரிக்காவில் பிறந்த அளவு, இன்றைக்கும் மாறவில்லை. இரண்டாம் எண் மோர்ஸின் அகல வாய் 17.78 மில்லிமீட்டர், தாத்தா காலத்து எந்திரத்தில் நேற்று வாங்கிய சென்டர் போய் உட்காரும். குழிவுக்குள் கீறல் விழுந்திருந்தால் ரீமரைக் கையால் நாலு சுற்று விட்டால் போதும். சிக்கல் புரியில்தான் வரும். பழைய ஆங்கில எந்திரங்களில் விட்வொர்த் புரி, 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் புரி 60 டிகிரி. பல் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் கோணம் ஒத்துப்போகாது. ஆனால் சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே போடும் அடாப்டரை எந்த இரும்பு லேத் பட்டறையிலும் வெட்டிக் கொடுப்பார்கள். பெட்டைத் தடவிப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன அதே நண்பரே அரை நாளில் வெட்டிக் கொடுத்துவிடுவார். ஸ்பிண்டிலில் புரியும் இல்லை, டேப்பரும் இல்லை, எவரோ தன் விருப்பத்துக்கு ஏதோ செய்துவைத்திருக்கிறார் என்றால் மட்டும் எடை விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது மறுப்புக்குக் கனம் அதிகம். வேகம் நாலே படிதானே, புதியதில் திருகு ஒன்றைத் திருப்பினால் வேண்டிய வேகம் வருகிறதே? கடைசல்காரர்களின் கைக்கணக்கு, மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது. 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 வரை; 2 அங்குலக் காலுக்கு 3000 வரைகூடப் போகலாம். பழைய சிறு லேத்துகள் பலவற்றில் அடிவேகமே 700, 800 என்று இருக்கும். நாற்காலிக் கால் கடைய அது சரி, சீவாத கட்டையில் கிண்ணம் கடைய ஆபத்து. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தீர்வு மோட்டாரில் இருக்கிறது. மூன்று ஃபேஸ் மோட்டாரும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி ஒன்றும் போட்டால், வீட்டு ஒற்றை ஃபேஸ் மின்சாரத்திலேயே வேகத்தை நினைத்தபடி ஏற்றி இறக்கலாம். மோட்டாரை 230 வோல்ட்டுக்கு டெல்டாவில் மாற்றிக் கட்ட முடியுமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லா மோட்டாரிலும் முடியாது. பெட்டி வந்துவிட்டது என்று பெல்ட்டை மறந்துவிடக் கூடாது. மின்சாரத்தால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகும், சூடேறும், இழுக்கும் திறன் கூடாது. பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினால்தான் வலு கூடும். நிறுத்தும் நேரத்தை ரொம்பக் குறைத்துவைத்தாலோ, ஸ்பிண்டில் சட்டென நிற்க, கனமான சக் ஓடிய வேகத்தில் புரியைவிட்டுக் கழன்று வரும். இந்தப் பெட்டியின் பெருமை இன்னொன்று: அது எந்திரத்துக்கு வெளியே இருக்கிறது. பழுதானால் வேறு கம்பெனிப் பெட்டியை வாங்கி மாட்டலாம். புதிய மலிவு லேத்தில் அந்தச் சர்க்யூட் போர்டு எந்திரத்தின் உயிர்நாடி. போர்டு போய் அந்த மாடலும் நின்றுவிட்டால் இரும்பு நன்றாக இருந்தும் எந்திரம் பிணம். நல்ல கனத்தோடு செய்யப்படும் புதிய லேத்துகளும் உண்டு, அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. பழையதோடு போட்டிக்கு வருவது அவையல்ல, பழையதின் விலையில் கிடைக்கும் புதியது.

பாதுகாப்பு பற்றிய மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது, பாதிப் பதில்தான் இருக்கிறது. பழைய எந்திரங்கள் திறந்த பெல்ட்டோடும் கைப்பிடி சுவிட்சோடும் வரும். அவற்றை அப்படியே ஓட்டலாம் என்பவரோடு எனக்கு ஒட்டில்லை. முதலில் தூக்கியெறிய வேண்டியது அந்தச் சுவிட்சை. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வரும்போது, போட்டது போட்டபடி இருக்கும் சுவிட்ச் எந்திரத்தைத் தானே கிளப்பிவிடும். அப்போது கை சக்கின் மேல் இருக்கலாம். பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த கான்டாக்டர் ஸ்டார்ட்டர் போட்டால் கரண்ட் போனதும் தானே விழுந்துவிடும், பச்சையை மறுபடி அமுக்கும்வரை எழாது. பெல்ட்டுக்குத் தகர மூடி, எர்த் கம்பி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. தோளில் துண்டு வேண்டாம், முழுக்கைச் சட்டை வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேண்டாம். இவ்வளவும் செய்தபிறகும், 30 செ.மீ. கிண்ணம் 1000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஆபத்து புதிய லேத்திலும் அதேதான். ஆனால் புதியதில் மூடியும் சுவிட்சும் வாங்கும்போதே வருகின்றன, பழையதில் வாங்கியவர் தலையில் விழுகின்றன. இந்த வேலைக்கு ஆகும் செலவை விலையோடு கூட்டாதவர் விலையே பேசக் கூடாது.

பழசு என்பதற்காகவே பழசை மெச்சும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. என் வாதத்தை அவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்திலும் தகரத் தாங்கியும் ஒல்லிக் குழாயுமாக லேசான லேத்துகள் வந்திருக்கின்றன. வயது ஏறியதால் அவற்றுக்கு எடை ஏறிவிடவில்லை. லண்டனில் 1790களில் தொடங்கிய ஹோல்ட்ஸாஃபெல் பட்டறையின் அலங்கார லேத்துகள்போல, கட்டரை எந்திரமே பிடித்துக்கொண்டு தந்தத்திலும் கருங்காலியிலும் பூவேலை செய்யும் வகையும் உண்டு. அங்கே உளி கையில் இல்லை. ஆகவே அங்கே இரும்பு லேத்தின் சட்டம்தான் செல்லும், தேய்மானம் ஒவ்வொரு பூவிதழிலும் தெரியும். வீட்டு வரவேற்பறையில் வைக்க வாங்குகிறவர்களின் விலைக்குக் கடைசல்காரர் போட்டிபோட முடியாது, போடவும் வேண்டாம். வேலைக்கான எந்திரங்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. கோயம்புத்தூர் போன்ற வார்ப்பட ஊர்களில், பம்புக்கும் மோட்டாருக்கும் மரத்தில் பேட்டர்ன் செய்த பட்டறைகளில் கனமான மர லேத்துகள் இருந்தன. பேட்டர்ன் அலுமினியத்துக்கும் சி.என்.சி.க்கும் நகர நகர, அவற்றுக்கு வேலை குறைந்தது. மூலையில் தூசி மூடிக் கிடக்கும் அப்படி ஒன்றைக் கிலோக் கணக்கில் கேட்டு வாங்க முடிந்தால் அதைவிட நல்ல பேரம் கிடையாது.

விலை பேசும்போது விற்பவரே வெட்கப்பட்டுக் குறைத்துக்கொள்ளும் குறை ஒன்று உண்டு, அது டூல் ரெஸ்டின் மேல்விளிம்பு. பல வருஷம் உளியின் கூர்மூலை இடித்து இடித்து அங்கே அரிவாள்மணையின் பல்போலக் குழிகள் விழுந்திருக்கும். பெட்டின் பள்ளத்தைவிட இது ஆயிரம் மடங்கு முக்கியம், ஏனென்றால் கையோடு வழுக்கும் உளி இந்த விளிம்பின் மேல்தான் போகிறது. ஒவ்வொரு குழியிலும் அது தடுக்கும், ஒவ்வொரு தடுக்கலும் மரத்தில் ஒரு வரியாக விழும். சரிசெய்ய ஆகும் நேரம் பத்து நிமிஷம். வைஸில் கவ்வி, தட்டை அரத்தை நீளவாக்கில் தள்ளி, கண்மட்டத்துக்கு உயர்த்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து, மறுபடி தள்ளி, குழி எல்லாம் மறைந்ததும் நைசு உப்புத்தாளை ஒரு தடவை ஓட்டிவிட்டு, கடைசியாக மெழுகுவத்தியை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தேய்த்துவிட்டால் உளி எண்ணெய்மேல் போவதுபோலப் போகும்.